எட்டோஷாவில் தண்ணீருக்கு முறை காத்தவர்கள்

நமீபியாவின் வடக்கே உள்ள எட்டோஷா தேசியப் பூங்காவில் நானும் அக்காவும் ஆறு நாட்கள் இருந்தோம். அவற்றில் முதல் இரண்டு நாட்களை வீணடித்தவன் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். வண்டியை ஓட்டியதும் நான், விலங்குகளைப் பார்க்க வேண்டுமென்றால் அவற்றைத் தேடிக்கொண்டே ஓட வேண்டும் என்று நம்பியதும் நான்தான். காலையில் கதிரவன் எழும் நேரத்தில் நமுட்டோனி முகாமின் வாயில் திறந்ததும் புறப்படுவது, ஒரு குட்டையருகே ஐந்து நிமிடம் நின்று பார்ப்பது, ஒன்றும் இல்லையென்றால் அடுத்த குட்டைக்கு விரைவது என்று பின்னால் வெள்ளைத் தூசியைக் கிளப்பிக்கொண்டு சுற்றியதில், இரண்டாம் நாள் மாலைக்குள் ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர் ஓடியிருந்தது.

அக்கா ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. எதைக் கண்டாலும் எண்ணி எழுதி வைக்காவிட்டால் அவருக்கு உறக்கம் வராது. அன்று இரவு அவருடைய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். "யானை 3, தொலைவில், சாம்பல் புள்ளிகள்" என்றும், "நெருப்புக்கோழி 2, ஓடிக்கொண்டிருந்தன" என்றும், "ஓரிக்ஸ் மான் 7, பின்புறம் மட்டும்" என்றும் இருந்தது. கடைசி வரியில் "தம்பியின் புகைப்படங்கள் 212, அவற்றுள் தூசி 190" என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தார்.

"நாளைக்கு ஒரே இடத்தில் உட்காரலாம்டா. நமக்குப் பொறுமை இல்லாவிட்டாலும் அவற்றுக்குத் தாகம் எடுக்குமல்லவா?" என்றார்.

ஆகஸ்ட் மாத எட்டோஷாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதன்மையான செய்தி அந்த ஒரு வாக்கியத்திலேயே அடங்கியிருந்தது. பூங்காவின் நடுவில் ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டர் பரப்பில் மரமோ செடியோ அற்ற உப்புப் படுகை ஒன்று விரிந்து கிடக்கிறது. நீளம் சுமார் 130 கிலோமீட்டர், அகலம் மிகுந்த இடத்தில் 50 கிலோமீட்டர். ஒஷிண்டோங்கா மொழியில் எட்டோஷா என்றால் பெரிய வெள்ளை இடம் என்று பொருள். முன்னொரு காலத்தில் இது பெரும் ஏரியாக இருந்தது என்றும், அதற்கு நீர் கொண்டுவந்த குனேனே ஆறு அட்லாண்டிக் கடலை நோக்கித் திசைமாறிப் போனதால் வற்றியது என்றும் நிலவியலாளர்கள் விளக்குகிறார்கள். நல்ல மழை பெய்த ஆண்டுகளில் வடக்கிலிருந்து எகுமா, ஒஷிகாம்போ ஆறுகள் வழியாக வெள்ளம் வந்து படுகையின் ஒரு பகுதியில் மெல்லிய ஏடாகப் பரவும். அப்போது பூநாரைகள் வந்து கூடு கட்டும். மற்ற காலமெல்லாம் அது வெறும் கானல். மே முதல் செப்டம்பர் வரை மழை என்ற பேச்சே கிடையாது. மழைக்காலத்தில் தேங்கிய சிறு பள்ளங்கள் ஒவ்வொன்றாக வற்றிய பிறகு, படுகையின் தெற்கு விளிம்பில் சுண்ணாம்புப் பாறையிலிருந்து கசியும் ஊற்றுகளும், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீரேற்றி நிரப்பப்படும் குட்டைகளும்தான் மிஞ்சுகின்றன. அக்கம்பக்கத்து உயிர்கள் அனைத்தும் நாள்தோறும் அல்லது ஓரிரு நாட்களுக்கு ஒருமுறை அங்கே வந்தாக வேண்டும். வந்து சேரும் இடம் தெரிந்திருக்கும்போது வழியெல்லாம் தேடி அலைந்த என்னைப் பற்றி அக்கா அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

எட்டோஷாவுக்கு வழிகாட்டியோ திறந்த ஜீப்போ கட்டாயமில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. தலைநகர் விண்ட்ஹோக்கில் சாதாரணக் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், பெரும்பாலும் நல்ல தார்ச்சாலையில், சுமேப் நகர் வழியாக நாமே கிழக்கு வாயிலுக்குப் போய்விடலாம். உள்ளே வேகம் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, கதிரவன் மறையும்முன் முகாமுக்குள் வந்துவிட வேண்டும், வேலியிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியைவிட்டு இறங்கவே கூடாது. இந்த மூன்றாம் விதியின் கனம் இரண்டாம் நாள் பிற்பகலில்தான் எனக்குப் புரிந்தது. வாடகைக் காரின் பின்சக்கரம் சரளைச் சாலையில் வெடித்தது. இரண்டு பக்கமும் இடுப்பளவு உலர்ந்த புல், அரை கிலோமீட்டருக்கு முன்புதான் "சிங்கம் இருக்கிறதாம்" என்று எதிரே வந்தவர் கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இறங்காமல் சக்கரம் மாற்றும் கலையை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்து வந்த பூங்காப் பணியாளர்கள் இருவர் தங்கள் வண்டியை மறைப்பாக நிறுத்தி, ஒருவர் புல்லைப் பார்த்து நிற்க, மற்றவர் பத்தே நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார். கழற்றிய டயர் எங்கள் வருகைக்குப் பல ஆண்டுகள் முன்பே ஓய்வு பெற்றிருக்க வேண்டியது. ஆகவே வண்டியை வாங்கும்போது டயர்களைத் தடவிப் பார்த்து, மாற்றுச் சக்கரம் இரண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தைப் பற்றி நான் தரும் நடைமுறை அறிவுரை இது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குள் நமுட்டோனிக்கு அருகிலுள்ள சூடோப் என்னும் ஊற்றுக் குட்டைக்குப் போய் எஞ்சினை நிறுத்தினோம். நீரின் நடுவே நாணல் திட்டு ஒன்று தீவுபோல் நிற்க, சுற்றிலும் வெறுந்தரை. குளம்புகள் மிதித்து மிதித்து அந்தத் தரை மாவாகியிருந்தது. முதல் ஒரு மணி நேரம் எதுவும் வரவில்லை என்று நான் நினைத்தேன். அக்காவின் குறிப்பேட்டில் பதினொரு பறவைகள் ஏறியிருந்தன.

எட்டரை மணிக்குப் பிறகு வானத்திலிருந்து நீர்க்குமிழி உடைவதுபோல் ஓர் ஒலி கேட்டது. நமாக்குவா கல்கௌதாரிகள் கூட்டங் கூட்டமாக வந்து சற்றுத் தள்ளி இறங்கி, நடந்து நீருக்கு வந்தன. குடித்து முடித்த பின் ஆண் பறவைகள் சில வயிறுவரை நீரில் இறங்கி, சிறகுகளைச் சற்று விரித்து, உடலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருந்தன. குளிக்கின்றன என்று எவரும் நினைக்கும் காட்சி. உண்மையில் அவை நீர் மொண்டுகொண்டிருந்தன. அந்த ஆண்பறவையின் வயிற்றிறகுகள் நீரை உறிஞ்சித் தேக்கும் அமைப்புடையவை. அப்படியே பல கிலோமீட்டர் பறந்துபோய்த் தந்தை நிற்க, பறக்கத் தெரியாத குஞ்சுகள் அதன் வயிற்றிறகை வாயில் பற்றி உறிஞ்சிக் குடிக்கும். 1896-இல் இதை முதலில் எழுதியவரைப் பறவையியலாளர்கள் பலர் நம்பவில்லை. கலஹாரிப் பகுதியில் நேரில் கண்டு இரு ஆய்வாளர்கள் 1967-இல் வெளியிட்ட பிறகுதான் ஐயம் தீர்ந்தது. குட்டையோரம் படுத்திருந்த கருமுதுகுக் குள்ளநரி ஒன்று இந்தக் கூட்டத்தின் மீது இரண்டு முறை பாய்ந்து, இரண்டு முறையும் வெறும் வாயோடு திரும்பியது. மூன்றாம் முறை பாய்ந்தபோது அதன் வாயில் ஒன்று இருந்தது. நீர் சுமந்துகொண்டிருந்த பறவையா, இல்லையா என்று தெரியவில்லை என அக்கா எழுதி, அருகே கேள்விக்குறி இட்டார்.

பறவைகளுக்குப் பிறகு வரிக்குதிரைகள். அவை வந்த விதம்தான் அன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நூறுக்கும் மேற்பட்டவை ஒற்றை வரிசையில் வந்து, குட்டைக்கு இருநூறு அடி தொலைவில் நின்றுவிட்டன. முன்னால் நின்ற பெட்டை ஒன்று காதுகளை முன்னே குவித்து நீரையும் நாணலையும் பார்த்தபடி ஐந்து நிமிடம் அசையவில்லை. அது அடியெடுத்து வைத்த பின்பே வரிசை நகர்ந்தது. நீர் விளிம்பில் ஒரே நேரத்தில் பதினைந்து இருபது குடித்தன. குடித்தவை பின்னே ஒதுங்க, அடுத்தவை நுழைந்தன. கடித்தலும் உதைத்தலும் இல்லாமல் இல்லை. ஆனால் மொத்தத்தில் அதைக் கூட்டம் என்று சொல்ல முடியாது, முறை என்றுதான் சொல்ல வேண்டும். இடைவெளி கிடைத்த ஓரத்தில் ஸ்பிரிங்பாக் மான்கள் நுழைந்து குடித்துவிட்டுப் போயின. முகத்தில் கரும்பட்டை உடைய இம்பாலா மான்கள் ஒருபுறமாக ஒட்டி நின்றன. தென்மேற்கு ஆப்பிரிக்காவுக்கு மட்டுமே உரிய இந்த உள்ளினத்தை 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குனேனே பகுதியிலிருந்து பிடித்து வந்து இங்கே விட்டார்கள்.

ஓரிக்ஸ் ஒன்று வந்ததும் வரிக்குதிரைகளே வழிவிட்டன. ஈட்டிபோல் நேராக நீண்ட அந்தக் கொம்புகளைப் பார்த்தால் யாரும் வழிவிடுவார்கள். நமீபியா தன் அரசுச் சின்னத்தில் இருபுறமும் நிறுத்தியிருக்கும் விலங்கு இதுதான். வெயிலில் தன் உடல் வெப்பம் ஏறுவதை அது அனுமதித்துக்கொள்ளும். மூளைக்குச் செல்லும் குருதியை மட்டும், மூக்கில் குளிர்ந்து திரும்பும் குருதியைக் கொண்டு, மூளையின் அடியில் உள்ள நுண்குழாய் வலையில் குளிரச் செய்துகொள்ளும். அதனால் நீரில்லாமலும் நெடுநாள் தாங்கும். தாகத்தால் தவிக்கும் விலங்கின் பதற்றம் அதனிடம் சற்றும் இல்லை. விருந்துக்கு அழைக்கப்பட்டவர்போல் வந்து, குடித்து, திரும்பிப் பாராமல் போயிற்று.

ஒட்டகச்சிவிங்கி ஒன்று 10.12-க்கு மரங்களுக்கு மேலே தலை காட்டியது. நீரை அடைந்தபோது 10.31. குனிவதற்காகக் கால்களை அகட்டத் தொடங்கியது, நிறுத்தியது, நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தது. இப்படி ஒன்பது முறை.

"அக்கா, போகலாமா? ஹலாலி முகாமுக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது."

"பொறுடா. அது இன்னும் வாயே வைக்கவில்லை."

10.54-க்கு வாய் வைத்தது. முன்கால்கள் இரண்டையும் கூடாரக் கம்பங்களைப்போல் விரித்துத் தலையைத் தாழ்த்தும் அந்த அரை நிமிடம்தான் அதன் வாழ்வில் மிக ஆபத்தான நேரம். அந்த நிலையிலிருந்து சட்டென்று எழுந்து ஓட அதனால் முடியாது. அவ்வளவு உயரத்திலிருந்து தலை தரைக்கு வரும்போது குருதி மூளைக்குள் பாய்ந்துவிடாதபடி தடுக்க நுண்குழாய் வலையும், கழுத்துச் சிரைகளில் அடைப்பிதழ்களும் இருக்கின்றன. உடலுக்குள் இவ்வளவு ஏற்பாடு செய்த இயற்கை, சிங்கத்துக்கு எதிராக ஐயத்தைத் தவிர வேறெதையும் அந்த நேரத்தில் அதற்குத் தரவில்லை. இதற்கிடையே ஐந்து வண்டிகள் வந்து, ஒட்டகச்சிவிங்கி நிற்பதைப் படமெடுத்து, அது குனிவதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தன. முந்தின நாள்வரை நானும் அவற்றில் ஒரு வண்டி என்பதால் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை.

ஹலாலி முகாமுக்கு மாலைக்குள் சேர்ந்துவிட்டோம். வேட்டை முடிந்தது என்று அறிவிக்க ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் ஊதும் கொம்பொலிக்கு ஹலாலி என்று பெயர். இங்கே இனி வேட்டை கிடையாது என்ற பொருளில் முகாமுக்கு அப்பெயரை வைத்தார்கள். முகாமை ஒட்டிய பாறை மேட்டிலிருந்து பார்க்கும்படியாக ஒரு குட்டை இருக்கிறது. அதன் பெயர்ப் பலகையில் "மொரிங்கா" என்று கண்டதும் அக்கா என் கையைத் தட்டினார். முருங்கை என்ற தமிழ்ச் சொல்லிலிருந்துதான் அந்தத் தாவரப் பேரினத்துக்கு மொரிங்கா என்ற அறிவியல் பெயர் வந்தது. நமீபியாவின் பாறைச் சரிவுகளில் வளர்வது அதன் உறவினமான வேறொரு மரம்; நீரைத் தேக்கி வைத்துப் பருத்த அடிமரமும், தலைகீழாக நட்டதுபோன்ற கிளைகளும் கொண்டது. யானைகள் அதை விட்டுவைப்பதில்லை. ஓக்கும் பைனும் பெயர் கொடுத்த ஊர்களைப் பார்த்திருக்கிறேன். நம் கொல்லைப்புறச் சொல் ஒன்று இவ்வளவு தொலைவு வந்து, யானைகள் நீர் குடிக்கும் இடத்துக்குப் பெயராக நிற்பதைப் பார்த்தது இதுவே முதல் முறை.

அடுத்த நாள் மேற்கு நோக்கிப் போகும் வழியில், படுகையின் விளிம்பில் சால்வடோரா என்னும் ஊற்றருகே, அந்த முறையெல்லாம் குலைந்து கிடந்ததைப் பார்த்தோம். நீரிலிருந்து பத்தடி தொலைவில் மூன்று பெண் சிங்கங்கள் படுத்திருந்தன. அவை எதையும் வேட்டையாடவில்லை. எதையும் பார்க்கக்கூட இல்லை. ஒன்று மல்லாந்து கிடந்தது. ஆனால் வரிக்குதிரைகளும் காட்டுமாடு போன்ற வில்டபீஸ்ட்களும் முந்நூறு அடிக்கு அப்பால் நின்றுகொண்டே இருந்தன. பதினொரு மணிக்கு வெள்ளைப் படுகையிலிருந்து கானல் எழுந்து அவற்றின் கால்களை அழித்துவிட, உடல்கள் மட்டும் மிதப்பதுபோல் தெரிந்தன. குட்டி ஒன்று இரண்டு முறை நீரை நோக்கி நடந்தது, இரண்டு முறையும் தாய் குறுக்கே வந்து நின்றது. இரண்டே கால் மணி நேரம் பார்த்தோம். ஒன்றுமே நடக்கவில்லை. ஆப்பிரிக்காவில் நான் கண்டவற்றுள் மிக அச்சமூட்டிய காட்சி எதுவென்று கேட்டால், துரத்தலும் குருதியும் இல்லாத அந்த இரண்டே கால் மணி நேரத்தைத்தான் சொல்வேன்.

அன்று பிற்பகல் ஒக்காக்குயோ முகாமுக்குச் சற்று முன்னால், நெப்ரவுனி என்னும் குட்டையில், யானைகளை ஒருவழியாக அருகில் பார்த்தோம். அவை சாம்பல் நிறத்தில் இல்லை. வெள்ளைக் களிமண்ணில் புரண்டு, அதையே தூசியாக மேலே வாரி இறைத்துக்கொண்டு, சுண்ணாம்படித்த சுவர்கள் எழுந்து நடப்பதுபோல் வந்தன. பெரிய உடலும் குட்டையான, உடைந்த தந்தங்களும் எட்டோஷா யானைகளின் அடையாளம். இங்குள்ள தாது உப்புக் குறைவால் தந்தம் எளிதில் முறிகிறது என்கிறார்கள். மற்ற விலங்குகளின் முறையெல்லாம் யானை வரும்வரைதான். பிடிகள் கன்றுகளோடு நுழைந்ததும் ஓரிக்ஸ் உட்பட அனைத்தும் பின்வாங்கின. விலக மறந்த ஒரு குள்ளநரியை ஒரு கன்று காதை விரித்துக்கொண்டு விரட்டிச் சென்று, அது ஓடியதைக் கண்டு தானே திடுக்கிட்டுத் தாயிடம் திரும்பியது.

தங்களுக்குள்ளும் அவை ஒழுங்கு வைத்திருக்கின்றன. ஊற்று நீர் வந்து விழும் இடத்தில்தான் நீர் தெளிவாக இருக்கும். அந்த இடம் மூத்ததற்கு. எட்டோஷாவின் வடகிழக்கில் உள்ள முஷாரா குட்டையில் 1990-களிலிருந்து ஆண்டுதோறும் தங்கி ஆய்வு செய்துவந்த கெய்ட்லின் ஓ'கானல், தனித்துத் திரிபவை என்று கருதப்பட்ட களிறுகள் உண்மையில் குழுவாக வாழ்வதையும், அவற்றுக்குள் தெளிவான படிநிலை இருப்பதையும் பதிவு செய்திருக்கிறார். இளைய களிறு மூத்ததன் வாயில் தும்பிக்கை நுனியை வைத்து வணங்குவதுபோல் செய்யும். நீர் அருகிய வறண்ட ஆண்டுகளில் அந்தப் படிநிலை இன்னும் உறுதியாகிறது, அதனாலேயே சண்டை குறைகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்புகளில் ஒன்று. யானையின் தாழ்குரல் நிலத்தின் வழியாகவும் பயணம் செய்வதையும், தொலைவிலுள்ள யானைகள் அதைக் கால்களால் உணர்வதையும் காட்டியவரும் அவரே. நாங்கள் பார்த்த அன்றும் ஒரு பெரிய களிறு தொலைவில் தெரிவதற்குள்ளாகவே இரண்டு இளங்களிறுகள் தெளிந்த நீரிருந்த மூலையைவிட்டு நகர்ந்துவிட்டன. வந்தது அந்த மூலையில் நின்று இருபது நிமிடம் குடித்தது. பிறகு அந்த இளையவற்றில் ஒன்று மெல்ல அருகே போய்த் தும்பிக்கையை அதன் வாயில் வைத்தது. ஆசிரியராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த அக்கா, "நம் பிள்ளைகள் வணக்கம் சொல்வதைவிட இது நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

ஒக்காக்குயோவின் இரவைப் பற்றிச் சொல்லாமல் எட்டோஷாவைப் பற்றி எழுத முடியாது. முகாமின் தாழ்ந்த கல்மதிலுக்கு அப்பால் குட்டை. அதன்மீது மங்கிய செம்மஞ்சள் விளக்கொளி. மதிலுக்கு இப்பால் நீண்ட இருக்கைகளில், போர்வை போர்த்திக்கொண்டு, ஒருவரோடொருவர் பேசாமல் ஐம்பது அறுபது பேர். ஆகஸ்டு இரவில் அங்கே பல் கிட்டும் குளிர். பத்து மணிக்குப் பின் ஒளியின் விளிம்பில் இருள் சற்றுத் திரண்டு, கருப்புக் காண்டாமிருகம் ஒன்றாகி நடந்து வந்தது. வெள்ளை, கருப்பு என்ற பெயர்களுக்கும் தோலின் நிறத்துக்கும் தொடர்பில்லை. மேலுதடு கூம்பிப் புதர்க் கிளைகளைப் பற்றி மேய்வது கருப்பு, அகன்ற சதுர வாயால் புல் மேய்வது வெள்ளை. சற்று நேரத்தில் கன்றோடு இன்னொன்று வர, இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து நீண்ட நேரம் சீறிக்கொண்டன. தனியே திரியும் சிடுமூஞ்சி என்று கேள்விப்பட்டிருந்த விலங்கு, நீரருகே அக்கம்பக்கத்தாரை விசாரிக்கும் இடமும் வைத்திருக்கிறது. கொம்புக்காக இவற்றைக் கொல்வோரின் நடமாட்டம் எட்டோஷாவில் இன்றும் ஓயவில்லை. வேட்டைக்காரருக்கு ஈர்ப்பு இல்லாமல் செய்ய நமீபிய அரசே பல காண்டாமிருகங்களின் கொம்பை மயக்க ஊசி போட்டு அறுத்து விடுகிறது. அன்று வந்த தாய்க்கும் கொம்பின் இடத்தில் மழுங்கிய அடி மட்டுமே இருந்தது. காண்டாமிருகப் படங்களை இடம் குறிப்பிட்டு இணையத்தில் இட வேண்டாம் என்று காட்டுயிர்க் காவலர்கள் கேட்டுக்கொள்வதால், பகலில் சாலையோரம் பார்த்தவற்றைப் பற்றி நானும் இங்கே எழுதவில்லை.

அந்த மதிலில் உட்கார்ந்திருந்தபோது முகாமைப் பற்றியும் நினைத்துக்கொண்டேன். 1897-இல் ஆப்பிரிக்காவின் தென்பகுதி முழுவதும் கால்நடைகளை அழித்த வெக்கை நோயைத் தடுக்க ஜெர்மானிய ஆட்சி அமைத்த காவற்சாவடிகளில் ஒக்காக்குயோவும் நமுட்டோனியும் அடங்கும். நமுட்டோனிக் கோட்டையை 1904 ஜனவரி 28 அன்று ஒண்டோங்கா மன்னர் நெஹாலேயின் படை தாக்கியது. உள்ளே இருந்த ஏழு ஜெர்மானியர் இரவில் தப்பியோடினார்கள். இன்று நிற்பது பின்னர் மீண்டும் கட்டிய வெள்ளைக் கோட்டை. பூங்காவின் வடக்கு வாயிலுக்கு அந்த மன்னரின் பெயரையும், கிழக்கு வாயிலுக்கு 1907-இல் இதைக் காப்பகமாக அறிவித்த ஆளுநர் ஃபிரீட்ரிஷ் ஃபான் லிண்டெக்விஸ்டின் பெயரையும் ஒருங்கே வைத்திருக்கும் நாடு இது. அறிவித்தபோது காப்பகம் அட்லாண்டிக் கடற்கரைவரை நீண்டிருந்தது. அரசியல் காரணங்களால் சுருங்கிச் சுருங்கி இப்போது 22,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக, முழுவதும் வேலியிடப்பட்டு நிற்கிறது.

அந்த வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் ஹாய்ஓம் மக்கள். எழுதும்போது அவர்களுடைய பெயரின் நடுவே இரண்டு செங்குத்துக் கோடுகள் வரும். நாக்கைப் பக்கவாட்டில் சொடுக்கும் ஒலிக்கான குறி அது. வேட்டையாடியும் கிழங்கு கிளறியும் இந்த ஊற்றுகளைச் சுற்றி வாழ்ந்த சான் இனத்தவர். நாங்கள் வரைபடத்தில் விரல் வைத்துத் தேடிய குட்டைகள் பலவற்றுக்கும் முதலில் பெயர் வைத்தவர்கள் அவர்கள். 1954-இல், அப்போது ஆண்ட தென்னாப்பிரிக்க நிர்வாகம் அவர்களைப் பூங்காவைவிட்டு வெளியேற்றியது. பூங்காவில் கூலிகளாகவும் தடமறிவோராகவும் வேலைக்கு வைத்துக்கொண்ட சிலர் மட்டுமே தங்கினார்கள். மற்றவர்கள் சுற்றியிருந்த வெள்ளையர் பண்ணைகளுக்குப் போனார்கள். விடுதலைக்குப் பின் அரசு தெற்கு எல்லையில் பண்ணைகளை வாங்கிச் சிலரைக் குடியேற்றியது. நிலத்தின்மீது தங்களுக்குள்ள உரிமைக்காக 2015-இல் சிலர் நீதிமன்றம் சென்றனர். மக்கள் அனைவர் சார்பிலும் வழக்காட அவர்களுக்குத் தகுதி உண்டா என்ற நடைமுறைக் கேள்வியிலேயே சிக்கி, 2022-இல் உச்ச நீதிமன்றத்திலும் அவர்கள் தோற்றார்கள். நிலம் யாருடையது என்ற கேள்விக்கு அந்த வழக்கு வந்து சேரவே இல்லை. விலங்குகளைப் பார்க்கப் போன இடத்தில் இது எதற்கு என்று யாரேனும் கேட்கலாம். நீரருகே யார் நிற்கலாம், யார் தள்ளி நிற்க வேண்டும் என்பதை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இது வேறு பேச்சாகத் தோன்றவில்லை.

ஆறாம் நாள் மேற்கு வாயிலை நோக்கி நெடுந்தொலைவு ஓட்டினோம். வழியில் உள்ள ஒலிஃபாண்ட்ஸ்ரஸ் என்ற பெயருக்கு ஆஃப்ரிகான்ஸ் மொழியில் யானைகள் இளைப்பாறும் இடம் என்று பொருள். பெயர்தான் அப்படி. 1980-களில் வறட்சி கடுமையானபோது, யானைகள் மிகுந்துவிட்டன என்று கருதிய நிர்வாகம் இங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு, இதே இடத்தில் வெட்டிப் பதப்படுத்தியது. ஒரு நூற்றாண்டுக்கு முன் வேட்டையால் இப்பகுதியிலிருந்து ஏறத்தாழ மறைந்துபோய், 1950-களில்தான் மெல்லத் திரும்பத் தொடங்கிய யானைகள் அவை. உடல்களைத் தூக்கிய இரும்புச் சட்டம் இன்னும் துருவேறி நிற்கிறது. அதை அகற்றாமல் விட்டுவைத்தவர்களை நான் மதிக்கிறேன்.

அங்கிருந்து மரப்பாதை ஒன்று குட்டையின் மீதே கட்டிய இரண்டடுக்கு மறைகூண்டுக்குப் போகிறது. கீழடுக்கில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் நீர்மட்டமும் நம் கண்மட்டமும் ஏறத்தாழ ஒன்று. மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். நான் இப்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டிருந்தேன். நான்கு மணி அளவில் ஒரு முதிய பிடி, பின்னே ஒன்பது உருப்படிகளோடு மோபனே மரங்களிடையிலிருந்து வெளியே வந்தது. கூண்டை நோக்கித் தும்பிக்கையை உயர்த்தி எங்களை முகர்ந்தது. கால்களை மாற்றி மாற்றி வைத்தது. அதன் பின்னால் ஒன்றுகூட முந்தவில்லை, கன்றுகள் உட்பட. அது நுழைந்து, கண்ணாடிக்கு மூன்று கை தொலைவில் தும்பிக்கையை நீரில் வைத்தபோது, உறிஞ்சும் ஒலி மரத்தரை வழியாக எங்கள் இருக்கைக்கு வந்தது. மிகச் சிறிய கன்றுக்குத் தும்பிக்கையால் குடிக்க இன்னும் தெரியவில்லை. அது மண்டியிட்டு நேரே வாயை வைத்துக் குடித்தது.

அக்கா குறிப்பேட்டை மடியில் வைத்திருந்தார். பேனாவின் மூடியைத் திறக்கவே இல்லை. வாயில் மூடும் நேரம் நெருங்குவதை நான் நினைவூட்டியபோது, "கடைசியாக வந்தது இன்னும் குடிக்கவில்லை" என்றார். அதற்கும் இடம் கிடைக்கும்வரை இருந்தோம்.